கீறல் இல்லாத கடிகாரம்

செப்டம்பர் 12, வெள்ளி

கடிகாரம் வந்துவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகும் ஜெகநாதன் சார் பெட்டியைப் பிரிக்காமல் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் மறுவாழ்வு மையத்தின் செயலாளர் அவர். மில் முதலாளி. நூறு கார் பார்த்தவர், ஒரு அட்டைப்பெட்டிக்கு இப்படிப் பயப்படுகிறார். ஆபீஸ் வேலை பார்க்கிற நான்தான் கத்தரிக்கோலை நீட்டினேன்.

தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம். கண்ணாடிகூட நிஜக் கண்ணாடி இல்லை, அந்தக் காலத்து பிளாஸ்டிக். டென்னிஸ் சாம்பியன் இவான் கெல்மாருடைய அப்பா கட்டியிருந்ததாம். அப்பா போன பிறகு இதைக் கட்டாமல் அவர் ஒரு ஆட்டமும் ஆடியதில்லையாம். இந்த ஜூனில் கோப்பையை ஜெயித்த கடைசிப் பந்துக்குக் குப்புற விழுந்து, செம்மண் தரையில் உரசி, கண்ணாடியில் மூன்று கீறல். தோல்பட்டையின் தையலில் அந்த மண் இன்னும் செக்கச்செவேலென்று ஒட்டியிருக்கிறது. கூட வந்த கடிதத்தில் கீறலுக்குத் தனியாக ஒரு போட்டோ, மண்ணுக்குத் தனியாக ஒன்று.

"கடிகாரத்துக்கு ஒண்ணும் விலை கெடயாதுங்கம்மா. இந்தக் கீறலுக்கும் மண்ணுக்கும்தான் ஏலத்துல போட்டி போடுவாங்க" என்றார் சார்.

கெல்மாருடைய தம்பி சக்கர நாற்காலியில் இருப்பவராம். அதனால்தான் எங்கள் மையம் எழுதிய கடிதத்துக்கு மனம் இரங்கியிருக்கிறார். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி ஏலம். நன்றாகப் போனால் கைப்பயிற்சி ஹால் பிழைக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூடுவதென்று கமிட்டியில் எழுதியே வைத்துவிட்டார்கள்.

பீரோ சாவி என்னிடம். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. டென்னிஸ் என்ற பேச்சை எடுத்தாலே என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஜூனில் பக்கத்து வீட்டு டிவியில் அந்த ஆட்டம் ஓடியபோது ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

அரைத்த மாவு இன்னும் பொங்கவில்லை. நாளைக்கு உப்புமாதான்.

செப்டம்பர் 17, புதன்

ஹாலில் பச்சைப் பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுகிற பயிற்சி. ரீட்டா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சிக் கொஞ்சிச் சொல்கிறாள். கைப்பயிற்சிக்கென்று நாகர்கோவிலில் இருந்து வந்த பெண். அவளுக்கு இருக்கிற பொறுமைக்குக் கோயில் கட்டலாம். இவர் முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஹால் முழுக்கப் பட்டாணி.

டென்னிஸ் கிளப்பில் பிள்ளைகள் இவரை "சென்னி சார், சென்னி சார்" என்று காலைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். சென்னியப்பன் கோச் ஒரு பந்தைத் திருப்பி அடித்தால், காசு வைத்த இடத்தில் போய் விழும். அந்தக் கைக்கு இன்றைக்கு ஒரு பட்டாணி அகப்படவில்லை. போன வருடம் அவிநாசி ரோட்டில் லாரி மோதிக் கழுத்தெலும்பு நொறுங்கியது. கால் வரவே இல்லை. கையில் அசைவு மணிக்கட்டுவரைக்கும் வந்து நின்றுவிட்டது.

வேனில் திரும்பும்போது, "என்னைய இப்பிடியே உட்டுரு புள்ள" என்றார். "உட்டுட்டுப் போறதுக்கு நீங்க என்ன மார்க்கெட் பையிங்களா?" என்றேன். சிரிக்கவில்லை.

மாத்திரை டப்பாவை இப்போதெல்லாம் என் ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வேளைக்குக் கொடுக்க வசதியாக இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

டப்பா எங்கே என்று இன்றைக்கும் கேட்டார். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணீர் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூசை விடுமுறை என்பதால் மையத்தில் இன்றைக்கே பூசை. காலையில் இருந்து ஒரே களேபரம். ஹாலைக் கழுவிவிட்டார்கள். பொன்னான் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டினார். எங்கள் அட்டெண்டர். நாற்காலிகளோடு பேசிக்கொண்டே துடைப்பார். பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் நான் போய் வாங்கிவந்தேன். பூசணிக்காய்க்குப் பேரம் பேசியதில் அரை மணி நேரம் போய்விட்டது. கடிகாரத்தையும் பூசையில் வைத்துவிட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். சாயங்காலம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அதுவும் இருந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார்கள். எல்லாரும் தள்ளி நின்று கும்பிட்டார்கள்.

இவர் இன்றைக்குச் சிரித்தார்.

எதற்கென்று எழுதப் போவதில்லை. பல் தெரிகிற சிரிப்பு. வேனில் என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, வெசனப்படாத, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றார். வீட்டில் டீ டம்ளரை இரண்டு கையாலும் தானே பிடித்துக் குடித்தார். பாதி சட்டையில்தான் சிந்தியது. அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று இந்த நோட்டையும் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டேன். பூசையன்றைக்கு எழுதக் கூடாது. நல்லதாகப் போயிற்று, எழுத எனக்குத் தைரியமும் இருக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஏலக் கம்பெனியில் இருந்து போட்டோ எடுக்க ஒரு பெண் சென்னையில் இருந்து வந்தாள். ஜெகநாதன் சார் முன்னால் பீரோவைத் திறந்து கொடுத்தேன். குங்குமத்தைத் துடைத்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கடிதத்தோடு வந்த போட்டோவைப் பக்கத்தில் வைத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு லென்ஸை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"சார், இது அந்த வாட்ச் இல்ல."

கண்ணாடி புதுசு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. பட்டையின் தையலில் ஒரு பொட்டு மண் இல்லை. எண்ணெய் போட்ட தோல் மாதிரி மின்னியது.

சார் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "சாவி உங்ககிட்ட. ரூம் கூட்டறது பொன்னான். வேற யாரு உள்ள வந்தாங்க?"

"எனக்குத் தெரியலைங்க சார்."

பூசைக்கு யாராவது துடைத்திருப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "துடைச்சா கீறல் போகுமா மேடம்? யாரோ மாத்திட்டாங்க."

எனக்கு நிஜமாகவே தெரியாது.

அக்டோபர் 4, சனி

பொன்னானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருக்கு என்ன கேட்கிறார்கள் என்பதே புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங். அம்மணியக் கேளுங்க. அம்மணிக்குத் தெரியும், நான் அந்தப் பீரோகிட்டயே போறதில்லைங்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சொல்லியனுப்பும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். வாசல் கேட்வரைக்கும் போனவர் திரும்பி வந்து, ஈரமாக இருந்த ஒரு நாற்காலியை வெயிலுக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

ரீட்டா ஊருக்குப் போயிருக்கிறாள், புதன்கிழமைதான் வருவாள். இருந்திருந்தால் அவளிடமாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டில் வேறு உலகம். "துடைக்கறதுக்கு எதாச்சும் குடு" என்கிறார். குக்கர் விசிலைக் கொடுத்தேன். குத்துவிளக்கின் அன்னத்தைக் கொடுத்தேன். துணியை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்லிக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் கட்டைவிரல் அசைகிறது. மடங்கி நிமிர்கிறது. சாப்பாடு இறங்குகிறது. மாத்திரை டப்பாவைப் பற்றி இந்த வாரம் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

மதியம் சட்டையின் ஒரு பட்டனைத் தானே போட்டார். தப்பான ஓட்டையில்தான். நான் திருத்தவில்லை. அப்படியே கோணலாகப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை இருந்தார், மாப்பிள்ளை மாதிரி.

சாமி, இந்தக் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதே. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் வேனில் போகும்போது சிங்காநல்லூர் சிக்னலில் பொன்னானைப் பார்த்தேன். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த வயதில் சித்தாள் வேலைக்கு. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அதைப் பார்த்த பிறகு இந்த நோட்டிலும் பொய் எழுதிக்கொண்டிருக்க முடியவில்லை.

மையத்தில் பூசையன்றைக்குக் காலையில் ஹாலைக் கழுவியதால் இவரை என் ஆபீஸ் அறையில் உட்காரவைத்தேன். பீரோவைத் திறந்து கடிகாரத்தை எடுத்து அவர் நாற்காலியின் மடித்தட்டில் வைத்தது நான்தான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. டென்னிஸ்காரர் கடிகாரம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே என்று, "நம்ம மையத்துக்கு வந்த கடிகாரமுங்க, பூசைக்கு வெக்கோணும், கொஞ்ச நேரம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன். கீறலைப் பற்றிச் சொல்லவில்லை. மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆசைதான் காரணம். அவர் தொட்டுப் பார்க்கட்டும் என்று ஆசை. பிறகு பூசணிக்காய் வாங்கப் போய்விட்டேன்.

கிளப்பில் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து ராக்கெட்டுகளைத் துடைக்கச் சொல்வார். பிடியில் இருக்கிற அழுக்குகூட போக வேண்டும். ஒரு பையன் அழுக்கோடு கொண்டுவந்து வைத்தால் பொரி கிடையாது. அப்படிப்பட்ட மனிதரிடம் பூசைக்கு வைக்கிற பொருளை மண்ணோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பல் துலக்கப் பழகுவதற்காக அவர் பையில் பேஸ்டும் தடித்த பிடி போட்ட பிரஷ்ஷும் எப்போதும் இருக்கும். நான் திரும்பி வந்தபோது தட்டு முழுக்க வெள்ளை நுரை. கடிகாரத்தை இடது மணிக்கட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேர்த்து ஒழுகியது. காலை முழுக்கத் தேய்த்திருக்கிறார். போன வருடத்தில் இருந்து எதற்கும் அசையாத விரல்.

"பாரு புள்ள, கீறிக் கெடந்துச்சு. மொகம் தெரியற மாதிரி பண்ணீட்டேன். பேஸ்ட் போட்டா பிளாஸ்டிக் கண்ணாடி புதுசாட்ட ஆயிரும். பட்டைல ஒரே மண்ணு, எந்தப் பயலோ தொடைக்காம வெச்சிருக்கான்."

அப்போதுதான் சிரித்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அழகா இருக்குதுங்க" என்றேன். நுரையைத் துடைத்துப் பூசையில் கொண்டுபோய் வைத்தேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் இவர் காதுக்குப் போகும். அந்த விரல் மறுபடி மடங்கிக்கொள்ளும். சொல்லாவிட்டால் பொன்னான் செங்கல் சுமக்க வேண்டும். என்ன செய்வேன்.

அக்டோபர் 8, புதன்

ஜெகநாதன் சாரிடம் போய், நான்தான் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன் என்று சொன்னேன். பூசைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தேன், பிறகு பயத்தில் மறைத்தேன்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கண்ணைக் கசக்கினார். "உங்களுக்குத்தானம்மா அந்த ஹால் வேணும். உங்க வீட்டுக்காரருக்குத்தானே. நீங்களே எப்பிடி?" என்றார். ஏலத்தில் இருந்து கடிகாரம் எடுத்தாகிவிட்டது. மாதக் கடைசியோடு ஹாலும் நிற்கும், நானும் நிற்க வேண்டும். பொன்னானுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆனாலும் எனக்கு மாற்றியெடுத்தவளைப் பார்க்கிற பார்வைதான் கிடைத்தது. பேஸ்ட்டில் கீறல் போகும் என்று அங்கே ஒருத்தரும் நம்பவில்லை.

ரீட்டா வந்துவிட்டாள். இவர் கட்டைவிரலைப் பார்த்து "அண்ணே!" என்று கத்தினாள். ஹால் மூடப்போவதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

போயிற்று. எல்லாம் போயிற்று.

பொன்னான் சாயங்காலம் ஒரு சீப்புப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் தடுப்பதற்குள் இவருக்கு முன்னால் நின்று, "அம்மணி எனக்காகப் பழியத் தலைல தூக்கிப் போட்டுக்கிட்டாங்க சார். அந்தக் கடியாரத்தைத் தேச்சுக் கீறலப் போக்குனது அவுங்கதான்னு சொல்லி வேலையவே உட்டுட்டாங்க. கைப்பயிற்சி ஹாலும் போச்சாமா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மேல் என்ன தப்பு? நன்றி சொல்ல வந்த மனிதர்.

இவர் கேட்டது ஒன்றுதான். "கீறல் இருக்கோணுமா?"

எல்லாம் சொன்னேன். யார் கடிகாரம், எங்கே விழுந்த கீறல், எந்த மண் என்று. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சோறு வேண்டாம் என்றார். மாத்திரை கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை.

ஆபீஸ் பையை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

விடிந்ததும், "சவரம் பண்ணியுடு" என்றார். தாடையில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டேன். வேனில் ஏற்றியதும், "ஹாலுக்கு வேண்டாம், உங்க சார் ரூமுக்குத் தள்ளு" என்றார்.

பொன்னான்தான் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் நின்றேன்.

"அந்தக் கடியாரத்தத் தொடச்சது நான்தானுங். இவ இல்ல."

சார் என்னைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த இவர் கைகளைப் பார்த்தார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: "சென்னியப்பன், உங்க சம்சாரத்தக் காப்பாத்தோணும்னு நெனைக்கறீங்க. புரியுதுங்க. ஆனா இந்தக் கையால எப்பிடிங்க?"

இவர் முகம் சிவந்ததைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. டென்னிஸ் கோர்ட்டில் தப்பான தீர்ப்புச் சொன்னால் வருகிற சிவப்பு அது.

"பொன்னா, உன் வாட்சைக் கழட்டு."

பொன்னானுடையது நடைபாதைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கண்ணாடிக் கடிகாரம். கண்ட இடத்திலும் இடித்துக் கீறி மணியே சரியாகத் தெரியாது. மடித்தட்டில் வைத்தார். பையில் இருந்து பேஸ்ட்டை எடுத்து வைத்து மூடியைத் திருகப் போனேன். "நீ தள்ளு" என்றார். பல்லால் மூடியைத் திருகித் துப்பினார். குழாயை உள்ளங்கையால் அமுக்கினார். பேஸ்ட் தட்டிலும் மடியிலும் கொட்டியது. கடிகாரத்தின் மேலும் கொஞ்சம் விழுந்தது. மணிக்கட்டால் அழுத்திக்கொண்டு கட்டைவிரலைக் கொண்டுபோய் வைத்தார்.

தேய்த்தார். வழுக்கி விழுந்தது. பொன்னான் குனிந்து எடுத்து வைத்தார். மறுபடி தேய்த்தார். சாருக்கு போன் வந்தது, எடுக்கவில்லை. யாரோ வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ரீட்டா ஓடிவந்து கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நெற்றி வேர்வை தாடை வெட்டில் இறங்கி எரிந்திருக்கும், துடைக்க நான் கையை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்று தெரிந்தது.

கடைசியில் தட்டை முழங்கையால் சார் பக்கம் தள்ளினார். ஆழமான ஒரு கோடு மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் போயிருந்தது. நொடிமுள் ஓடுவது தெரிந்தது.

"பூசைக்கு அழுக்கோட வெக்கக் கூடாதுன்னுதானுங் தொடச்சேன். அது யாரோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன். தப்பு என்னுது. இவளையும் பொன்னானையும் திருடனுங்களாட்டப் பாக்காதீங்க."

ஜெகநாதன் சார் அந்த நடைபாதைக் கடிகாரத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இந்த ஹால மூடறதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு பொன்னானிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, என்னை வேலையில் இருக்கச் சொன்னார்.

அக்டோபர் 11, சனி

ஏலம் நடந்தது. கையெழுத்துப் போட்ட மட்டை ஒன்றும் இரண்டு ஓவியமும் போயின. கடிகாரம் இல்லாத ஏலத்துக்கு ஆள் வரத்து குறைவு.

அக்டோபர் 17, வெள்ளி

கடிகாரத்தைக் கெல்மாருக்கே திருப்பி அனுப்பினோம். என்ன நடந்தது என்று சாரே இரண்டு பக்கம் எழுதினார். இவரும் சொல்லச் சொன்னார் ஒரு வரி: உங்கள் அப்பாவின் கடிகாரத்தில் உங்கள் மண்ணைத் துடைத்துவிட்டேன், மன்னிக்கணும். மஞ்சள் துணியில் சுற்றி வைத்தேன். தீபாவளிக்கு இன்னும் ஒரு பலகாரமும் செய்யவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

பதில் வரவில்லை. அதிசயமும் நடக்கவில்லை. ஹாலைப் பூட்டிவிட்டார்கள். பட்டாணிக் கிண்ணத்தை ரீட்டா எங்களுக்கே கொடுத்துவிட்டாள். சொந்த ஊரில் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலையாம். இவர் முன்னால் மண்டிபோட்டு, "அண்ணே, நிறுத்தக் கூடாது என்ன?" என்று அழுதாள். வாரம் ஒரு நாளாவது வருவதற்கு வேறு யாரும் அகப்படவில்லை. இனிமேல் நானும் இந்தக் கிண்ணமும்தான். எனக்கு என்ன தெரியும், எந்த விரலை எப்படிப் பிடித்து நீட்ட வேண்டுமென்று?

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பழக்கமாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழமை எந்த ஆபீசு?" என்றார்.

கரண்டியால் மாவை வழித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த டப்பாவ எடு."

"எதுக்குங்க?"

"எடு புள்ள."

எடுத்தேன். மடித்தட்டில் வைக்கச் சொன்னார். அழுத்தித் திருகினால்தான் திறக்கிற மூடி. எனக்கே சில நாள் வராது. மணிக்கட்டால் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டைவிரலை மூடிமேல் வைத்து அழுத்தினார். வழுக்கியது. மறுபடி அழுத்தினார். அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது. நான் அசையவில்லை. மூடி கழன்று தரையில் உருண்டது. அவர் மடியெல்லாம் மாத்திரை.

ஒன்றே ஒன்றை விரலால் நெம்பி உதட்டில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"மிச்சத்த அள்ளி உள்ள போட்டு, என் தலைமாட்டு ஜன்னல்ல வெய்யி. இத எதுக்கு நீ தோள்ல சொமந்துக்கிட்டுத் திரியறேன்னு எனக்குத் தெரியும். போதும், எறக்கு."

ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டேன். ஜன்னலில் வைத்தேன். கருகிய தோசையைச் சுரண்டிவிட்டு அடுத்ததை ஊற்றப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பொய். இரண்டு தடவை பார்த்தேன். பட்டாணிக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.